அவார்டு வந்துவிட்டது, பணம் வரவில்லையா? மதுரையில் ஈ.பி. (நிறைவேற்று மனு) போட்டு வசூலிக்கும் வழி

கப்பலூர் சிட்கோவில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் சின்ன யூனிட் என்னுடையது. தின்பண்டம் பாக்கெட் போட்டு விற்கும் ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனம் என்னிடம் ஒன்றரை வருடம் பெட்டி வாங்கியது; கடைசி 6 பில்லுக்குப் பணம் தரவில்லை. கேட்டால் "பெட்டி நைந்துபோய் வந்தது" என்றார்கள். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதிலாக நடுவரிடம் போகவேண்டும் என்ற ஆர்பிட்ரேஷன் ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்ததால் ஆர்பிட்ரேட்டர் (நடுவர்) முன் போனோம். அசலும் வட்டியுமாக 14,40,000 ரூபாய், செலவுத் தொகை 75,000 ரூபாய் எனக்குத் தரவேண்டும் என்று 2022 ஜூனில் அவார்டு, அதாவது நடுவர் தீர்ப்பு, ஆனது. அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினார்கள். பணத்தில் பெரும்பகுதி கைக்கு வந்தது 2024 ஏப்ரலில்.

இந்த 22 மாதத்தில் பாதியாவது என் அறியாமையால் போனது. அவார்டு என்பது கோர்ட் டிக்ரி மாதிரியே செல்லும் என்று 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 36-ஆம் பிரிவு சொல்கிறது. அது உண்மைதான். ஆனால் எதிராளியின் பணம் எங்கே இருக்கிறது என்று கோர்ட் போய்த் தேடாது. "இன்ன இடத்தில் இருக்கிறது, எடுத்துக் கொடுங்கள்" என்று நாம்தான் காட்டவேண்டும். இது முதல் நாளே தெரிந்திருந்தால் என் வேலை பாதி முடிந்திருக்கும்.

நான் வக்கீல் இல்லை. உங்கள் வக்கீலிடம் எதைக் கேட்பது, எதற்கு எந்தக் காகிதம் வேண்டும், எங்கே கால் வழுக்கும் என்பதற்குத்தான் இது.

1. அவார்டு கைக்கு வந்த அன்றே பாருங்கள்

முதலில் பெயரும் முகவரியும். என் அவார்டில் எதிராளியின் பழைய கடை முகவரி இருந்தது. சின்னப் பிழைதானே என்று விட்டேன். பிறகு கோர்ட் நோட்டீஸ் "இந்த முகவரியில் இல்லை" என்று இரண்டு முறை திரும்பியது. பெயர்ப் பிழை, கூட்டல் பிழை, எழுத்துப் பிழை எதுவானாலும் அவார்டு கிடைத்த 30 நாளுக்குள் ஆர்பிட்ரேட்டரிடமே மனுக் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம். பிரிவு 33. செலவு ஒன்றும் பெரிதாக இல்லை.

அடுத்தது முத்திரைத்தாள். அவார்டுக்கு ஸ்டாம்ப் கட்டணம் உண்டு. வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், ஈ.பி. போடும்போது கோர்ட் அதை ஏற்காது. குறைந்த கட்டணத்தையும் அபராதத்தையும் கட்டிச் சரிசெய்ய வேண்டிவரும். அவார்டு செல்லாமல் போகாது, மாதங்கள்தான் போகும். கையெழுத்தாகும் முன்பே ஆர்பிட்ரேட்டர் அலுவலகத்தில் "எவ்வளவு ஸ்டாம்ப், யார் வாங்குவது" என்று கேட்டுவிடுங்கள். அவார்டு நிலம், கட்டடத்தில் உரிமை கொடுக்கிறது என்றால் பதிவும் வேண்டும். வெறும் பணம் என்றால் வேண்டாம்.

மூன்றாவதாக, கையெழுத்திட்ட பிரதி எதிராளிக்கு எப்படிப் போனது என்று பாருங்கள். சட்டப்படி அது கட்சிக்காரர் கையில் சேரவேண்டும். அவருடைய வக்கீலிடம் கொடுத்தது போதாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது. வக்கீலிடம் மட்டும் கொடுத்திருந்தால், "எனக்கு இன்னும் கிடைக்கவே இல்லை, என் கெடு ஆரம்பிக்கவே இல்லை" என்று ஒரு வருடம் கழித்து வந்து நிற்பார்கள். தபாலில் அனுப்பச் சொல்லி, டெலிவரி விவரத்தை அந்த வாரமே பிரிண்ட் எடுத்து வையுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து ரிஜிஸ்தர் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அனுப்பும்போது கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் முறையைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, அவார்டு தேதிக்குப் பிந்தைய வட்டி எத்தனை சதவீதம் என்று தெளிவாக இருக்கிறதா பாருங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் நடப்பு வட்டி விகிதத்தோடு 2 சதவீதம் கூட்டிக் கொடுக்கவேண்டும் என்கிறது பிரிவு 31. அந்த நடப்பு விகிதம் எது என்று நிரூபிக்கவே ஒரு வாய்தா போகும்.

2. நாள் கணக்கு

அவார்டை ரத்து செய்யக் கேட்டு எதிராளி 34-ஆம் பிரிவில் மனுப் போட 3 மாதம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்குமேல் ஒரு நாள்கூடக் கோர்ட் தரமுடியாது. 3 மாதம் என்பது காலண்டர் மாதம், 90 நாள் அல்ல. ஜூன் 10 பிரதி கிடைத்தால் செப்டம்பர் 10 வரை.

அந்தக் கெடு தாண்டினால் ஈ.பி. போடலாம். நிறைவேற்றக் கோருவதற்கு 12 வருடம் அவகாசம் உண்டு. ஆனால் 2 வருடத்துக்குள் போடுவதில் ஒரு லாபம் இருக்கிறது, 7-ஆவது படியில் சொல்கிறேன்.

என் வக்கீல் "அந்த 30 நாளும் கழியட்டும் சார், பேச்சுக்கே இடமிருக்காது" என்றார். நானும் தலையாட்டினேன். அந்த 4 மாதத்தில் எதிராளி இரண்டு டெலிவரி வண்டிகளை விற்றுவிட்டார்.

3. காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்காதீர்கள்

அவார்டு ஆன பிறகும், அது நிறைவேறும் முன்பு, 9-ஆம் பிரிவில் இடைக்காலப் பாதுகாப்புக் கேட்கலாம். சொத்தை விற்கக்கூடாது, அவார்டுத் தொகைக்கு ஜாமீன் கட்டவேண்டும் என்றெல்லாம் உத்தரவு வாங்கமுடியும். விற்கப் போகிறார்கள் என்பதற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும்: விற்பனை விளம்பரம், புரோக்கரின் வாட்ஸப் செய்தி, வாசலில் தொங்கும் போர்டின் படம். எனக்கு இப்படி ஒரு வழி இருப்பதே வண்டி போனபிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று கேவியட். எதிராளி ரத்து மனுவோ தடை மனுவோ கொண்டுவந்தால் நம்மைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்பதற்காக. கேவியட்டின் ஆயுள் 90 நாள். எதிராளியின் கெடுவோ ஏறக்குறைய 120 நாள். ஒரு கேவியட் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் கடைசி மாதத்தில் மாட்டிக்கொள்வார்கள். 85-ஆம் நாள் புதிதாக ஒன்று போடுங்கள்.

4. பணம் எங்கே இருக்கிறது?

ஈ.பி.யை விட முக்கியமான படி இது. வக்கீல் செய்து தரமாட்டார், செய்யவும் முடியாது. எதிராளியோடு வியாபாரம் பண்ணியது நாம்தானே.

உங்கள் பேங்க் ஸ்டேட்மெண்ட்டை எடுங்கள். எதிராளி பணம் ஒழுங்காகத் தந்த காலத்தில் எந்த வங்கியிலிருந்து ஆர்.டி.ஜி.எஸ். வந்தது, எந்தக் கிளை என்று அதில் இருக்கும். பழைய செக்கின் ஜெராக்ஸ் இருந்தால் அக்கவுண்ட் எண்ணே கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: நான் கொடுத்த அக்கவுண்ட் எண் ஒரு கேஷ் கிரெடிட் அக்கவுண்ட். அதில் இருப்பது அவர்களுடைய பணம் இல்லை, வங்கி கொடுத்த கடன் வரம்பு. அது பொதுவாக ஜப்திக்கு வராது. வங்கியிலிருந்து வந்த பதிலைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர்களே வங்கிக்கு லட்சக்கணக்கில் பாக்கி.

நிலம், வீடு என்றால் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம்; பார்ப்பதற்குக் காசில்லை. சர்வே எண் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அந்த ஏரியா பத்திர எழுத்தரைப் பிடியுங்கள். வில்லங்கத்தில் மூலப்பத்திரம் வங்கியில் ஒப்படைத்த பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வங்கிக்குப் போக மிச்சம் இருந்தால்தான் நமக்கு. கம்பெனி என்றால் கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில், எந்தச் சொத்தின்மேல் யாருக்கு அடமானம் என்பது பதிவாகியிருக்கும். ஜி.எஸ்.டி. எண்ணை வைத்து, அந்தப் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா, இப்போதைய முகவரி என்ன என்று பார்த்துவிடலாம்.

எனக்குக் கைகொடுத்தது இவை எதுவும் இல்லை. ஒருநாள் கீழமாசி வீதியில் வெல்லம் வாங்கப் போயிருந்தேன். ஒரு மொத்தக் கடை வாசலில் குட்டியானையிலிருந்து பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டி என்றால் என் கண் தானாகப் போகும்: ஐந்து அடுக்கு, ஓரம் சரியாகப் பசை பிடிக்காமல் வாய் பிளந்திருந்தது. வேறு யாரோ போட்ட பெட்டி, பெயர் மட்டும் என் எதிராளியுடையது. கடைக்காரர் தெரிந்தவர்தான். "இவுக சரக்கு நம்மகிட்டதான்ணே மொத்தமா இறங்குது, மாசாமாசம் செட்டில்மெண்ட்" என்றார். என் எதிராளிக்குக் கடைக்காரர் தரவேண்டிய பணம். அதைத்தான் நான் பிடிக்கவேண்டும் என்று அங்கே வைத்துத்தான் உறைத்தது. இதற்குக் கோர்ட் பாஷையில் கார்னிஷி என்று பெயர்.

அதனால் எதிராளி யாருக்கு விற்கிறார், யார் அவருக்குப் பாக்கி, எங்கே வாடகை வாங்குகிறார், எங்கே டெபாசிட் கட்டியிருக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். வழக்கு ஆரம்பித்த நாளிலிருந்தே எழுதலாம்.

5. யார்மேல் போடலாம்

தனி முதலாளி என்றால் கடையும் அவரும் ஒன்றுதான். அவர் சொந்தச் சொத்தைத் தொடலாம். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனிச் சொத்து மட்டும். டைரக்டரின் பங்களாவைக் காட்டிப் பயனில்லை.

பார்ட்னர்ஷிப்பில்தான் வழுக்கும். நிறுவனத்தின் சொத்தைத் தாராளமாகப் பிடிக்கலாம். பார்ட்னரின் சொந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்றால், அவர் வழக்கில் தன் பெயரில் ஆஜராகியிருக்க வேண்டும், அல்லது பார்ட்னர் என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அல்லது பார்ட்னர் என்ற முறையில் அவருக்குத் தனியாக நோட்டீஸ் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட்டில் தனியாக அனுமதி கேட்கவேண்டும். ஆர்பிட்ரேஷன் இன்னும் முடியாதவர்கள் இதை இப்போதே கவனியுங்கள்: பார்ட்னர்கள் எல்லாரையும் பெயர் சொல்லிச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். எனக்கு இரண்டு பார்ட்னரில் ஒருவர் ஆஜரானதால் தப்பித்தேன்.

6. எந்தக் கோர்ட், என்ன காகிதம்

மதுரை மாவட்டத்தில் சொத்து இருந்தால் மதுரையிலேயே போடலாம். ஆர்பிட்ரேஷன் சென்னையில் நடந்திருந்தாலும் அங்கே போய் மாற்றல் உத்தரவு வாங்கவேண்டியதில்லை என்று 2018-இல் சுந்தரம் பைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆனால் ரத்து மனு எங்கே போடுவது என்பது ஆர்பிட்ரேஷன் இருக்கை (ஆர்பிட்ரேஷனுக்குச் சட்டப்படி உரிய இடம்) எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. இருக்கை சென்னை என்றால் எதிராளி அங்கேதான் போவார். உங்கள் கேவியட்டும் அங்கேதான்.

இங்கே கே.கே. நகர் பக்கம் உள்ள மாவட்ட நீதிமன்ற வளாகத்தில்தான் ஃபைலிங். தகராறின் மதிப்பு 3 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வணிக வழக்காக எடுத்துக்கொள்வார்கள். ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளைக்கு ஈ.பி.யைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே அப்பீலும் சீராய்வும்தான்.

கையில் இருக்கவேண்டியவை: கையெழுத்திட்ட அசல் அவார்டு, அது எதிராளிக்குச் சேர்ந்த ஆதாரம், ஆர்பிட்ரேஷன் ஷரத்து உள்ள ஒப்பந்தம், வக்காலத்து, பிரமாணப் பத்திரம், வட்டிக் கணக்குத் தாள், சொத்து விவரம். அசலைக் கொடுக்கும் முன் நாலு செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஈ.பி. கதை மாதிரி எழுதும் மனு இல்லை, கட்டம் கட்டமாக நிரப்பும் பாரம். கட்சிக்காரர் பெயர்கள், அவார்டு தேதி, மேல்முறையீடோ ரத்து மனுவோ இருக்கிறதா, இதுவரை ஏதாவது பணம் வந்ததா, முன்பு ஈ.பி. போட்டதுண்டா, இன்றைக்கு எவ்வளவு பாக்கி, கோர்ட் என்ன செய்யவேண்டும் என்று வரிசையாகக் கேட்கும். அந்தக் கடைசிக் கட்டத்தில் "தக்க உத்தரவு" என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் நடக்காது. ஜப்தியா, ஏலமா, கைதா, கார்னிஷியா என்று சொல்லவேண்டும்.

வட்டிக் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். அவார்டுக்கு முந்தைய வட்டியும் அசலும் சேர்ந்த மொத்தத்தின் மேல்தான் பிந்தைய வட்டி ஓடும், அவார்டு வேறு மாதிரி சொல்லாதவரை. என் கணக்கு: அசல் 11,60,000, முந்தைய வட்டி 2,80,000, ஆக 14,40,000. இதற்கு 12 சதவீதம் வருடத்துக்கு 1,72,800, நாளொன்றுக்கு 473 ரூபாய் 42 காசு. என் முதல் மனுவில் 11,60,000-க்கு மட்டும் வட்டி போட்டிருந்தார்கள். வருடத்துக்கு 33,600 ரூபாய் போயிருக்கும். நடுவில் எதிராளி கொஞ்சம் பணம் தந்தால், அவார்டு வேறு மாதிரி சொல்லாதவரை, அது முதலில் வட்டியிலும் செலவிலும் கழியும், அப்புறம்தான் அசலில்.

7. எண் விழும் வரை, விழுந்த பிறகு

கொடுத்த உடனே நம்பர் ஆகாது. பிழை இருந்தால் ரிட்டர்ன் ஆகும். சரிசெய்து திரும்பக் கொடுக்கவேண்டும். என்னுடையது இரண்டு முறை திரும்பியது: ஒருமுறை ஸ்டாம்ப் குறைவு, ஒருமுறை பார்ட்னர் வீட்டுக்கு நான்கு எல்லை எழுதவில்லை. அக்டோபரில் கொடுத்தது ஜனவரியில்தான் நம்பர் ஆனது. ரிட்டர்ன் ஆன கட்டு குமாஸ்தாவின் மேஜையில் வாரக்கணக்கில் தூங்கும். வாரம் ஒருமுறை போன் போடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நம்பர் விழுந்ததும் வழக்கின் அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டால் வாய்தா தேதி தெரியும். "கோர்ட் லீவு சார்" என்ற பதிலை நம்பியிருக்க வேண்டியதில்லை.

நோட்டீஸ் விஷயத்துக்கு வருவோம். அவார்டு ஆகி 2 வருடம் தாண்டியிருந்தால் எதிராளிக்கு முன்நோட்டீஸ் கட்டாயம். 2 வருடத்துக்குள் என்றால் ஜப்திக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நடைமுறையில் பல கோர்ட்டுகள் முதலில் நோட்டீஸ்தான் போடும். அதனால் வங்கிக் கணக்கையோ கார்னிஷியையோ குறிவைக்கிறீர்கள் என்றால், நோட்டீஸுக்கு முன்பே ஜப்தி வேண்டும் என்று தனி மனுவில் காரணத்தோடு கேட்கச் சொல்லுங்கள். நோட்டீஸ் சேர்ந்த மறுநாள் எந்த அக்கவுண்டிலும் இருப்பு இருக்காது.

பேட்டா (நோட்டீஸ் அனுப்புவதற்கான கட்டணம்) கட்ட மறந்தால் நோட்டீஸ் போகாது, வாய்தா வீண். இது சில நூறு ரூபாய் சமாச்சாரம்; என் வழக்கில் இதற்காகவே இரண்டு மாதம் போனது.

8. பிடிக்கும் வழிகள்

சொத்து என்ன இருக்கிறது என்றே தெரியவில்லையா? எதிராளி தன் சொத்துகளைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லவேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21 விதி 41-இல் கேளுங்கள். உத்தரவை மதிக்காவிட்டால் 3 மாதம் வரை சிவில் சிறை வைக்கலாம். நான் இதை ஏழு மாதம் கழித்துக் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

கார்னிஷிதான் என் அனுபவத்தில் சிறந்த வழி, விதி 46-ஏ. கீழமாசி வீதிக் கடைக்கு நோட்டீஸ் போனது: எதிராளிக்குத் தரவேண்டிய பணத்தைக் கோர்ட்டில் கட்டு, இல்லை ஏன் கட்டமுடியாது என்று சொல். கடைக்காரருக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. கோர்ட்டில் கட்டினால் அவர் கடன் தீர்ந்தது. 2024 பிப்ரவரி வரை மூன்று தவணையாக 12,60,000 ரூபாய் கட்டினார். முன்கூட்டியே அவரிடம் போய்ப் பேசாதீர்கள். இரண்டு பேரும் பல வருடப் பழக்கம். விஷயம் அந்தப் பக்கம் போய்விடும்.

சரக்கு, மெஷின் ஜப்தி பார்க்கப் பரபரப்பாக இருக்கும், பலன் குறைவு. சிந்தாமணி ரோட்டில் இருந்த குடோனுக்கு, ஜப்தி செய்யும் கோர்ட் ஊழியரான அமீனாவோடு போனேன். பெரிய பூட்டு. வாட்ச்மேன் "முதலாளி திருச்செந்தூர் போயிருக்காக" என்றார். பூட்டை உடைக்க ஒரு மனு, போலீஸ் பாதுகாப்புக்கு ஒரு மனு. மறுபடி போனபோது உள்ளே காலி மூட்டையும் ஒரு துருப்பிடித்த தராசும் இருந்தன. குடியிருக்கும் வீட்டுக்குள் சூரியன் மறைந்தபின் ஜப்திக்குப் போகக்கூடாது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைவினைஞரின் கருவி இதையெல்லாம் தொடவும் முடியாது.

வீடு, நிலத்துக்கு முதலில் விற்கக்கூடாது என்ற உத்தரவு. அந்த இடத்தில் டாம் டாம் போட்டு அறிவித்து, நோட்டீஸ் ஒட்டுவார்கள். உத்தரவின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வில்லங்கத்தில் ஏறியதா என்று நீங்களே பாருங்கள். ஏறாவிட்டால் வாங்குகிறவருக்குத் தெரியாது. பிறகு ஏல அறிவிப்பு, 15 நாள் இடைவெளி, ஏலம் எடுத்தவர் அன்றே 25 சதவீதம், மீதி 15 நாளில். சொல்லும்போது சுருக்கம். நடுவில் மனைவி வந்து "வீடு என் பெயரில்" என்பார், மச்சான் வந்து "நான் ஏற்கெனவே கிரயம் பேசிவிட்டேன்" என்பார். ஒவ்வொன்றும் தனி விசாரணை. ஏலம்வரை போவதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஆனால் வாசலில் டாம் டாம் அடித்த மறுவாரமே என் எதிராளியின் வக்கீல் போனில் கூப்பிட்டார். எதிராளிக்கு உறைக்கவைப்பதில் இதற்கு ஈடில்லை.

கைது பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பணம் இல்லாதவரைக் கைது செய்யமுடியாது. பணம் இருந்தும் தராமல் இழுக்கிறார் என்று நாம் காட்டவேண்டும். பெண்களைப் பண டிக்ரிக்குக் கைது செய்ய முடியாது. சிறையில் இருக்கும் நாளுக்குச் சாப்பாட்டுப் பேட்டா கட்டுவதும் நாம்தான்.

9. எதிராளி தடை கேட்டால்

"34-இல் மனுப் போட்டிருக்கிறோம், ஈ.பி. நிற்கவேண்டும்" என்பார்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு அது செல்லாது. தடைக்குத் தனி மனுப் போடவேண்டும். பண அவார்டு என்றால் டெபாசிட்டோ ஜாமீனோ கட்டச் சொல்லலாம். ஒப்பந்தமோ அவார்டோ ஊழல், மோசடியால் வந்தது என்று முதல் பார்வைக்கே தெரிந்தால் நிபந்தனை இல்லாத தடை கிடைக்கும். என் எதிராளி 3 மாதமும் 12 நாளும் கழித்துத் தாமத மன்னிப்பு மனுவோடு வந்தார், தடை மனுப் போடவே இல்லை. காரணம் போதவில்லை என்று தாமத மனுவே தள்ளுபடி ஆனது.

கவனம்: ஆர்பிட்ரேட்டரை நீங்கள் ஒருதலையாக நியமித்திருந்தால், எதிராளி எழுத்தில் சம்மதிக்காதவரை, அந்த அவார்டே செல்லாது என்ற வாதம் ஈ.பி. வரை துரத்தும். ஃபைனான்ஸ் கம்பெனிகள் பல இதில் விழுந்திருக்கின்றன.

எதிராளி கம்பெனி திவால் நடைமுறைக்குள் போய்விட்டால் ஈ.பி. அப்படியே நின்றுவிடும். உடனே அங்கே உங்கள் பாக்கியைப் பதிவுசெய்யுங்கள்.

உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறு தொழில் பதிவு) உள்ள உற்பத்தியாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் சிறு தொழில் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகலாம். அங்கே கிடைக்கும் அவார்டை எதிர்க்க, எதிராளி முதலில் 75 சதவீதம் கட்டவேண்டும். வட்டியும் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு. எனக்கு உத்யம் பதிவு இருந்தும் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை இல்லை.

10. செலவும் காலமும்

ஈ.பி.க்கு, சூட் (சிவில் வழக்கு) போடுவதுபோல் தொகையில் சதவீதம் வைத்துக் கோர்ட் கட்டணம் இல்லை. எனக்கு ஆனது: வக்கீல் ஃபீஸ் இரண்டு தவணையாக 70,000, டைப்பிங், ஜெராக்ஸ், பேட்டா, அமீனாவுடன் போன வண்டி வாடகை, ஸ்டாம்ப் குறைவுக்குக் கட்டியது எல்லாம் சேர்த்து 18,500 சொச்சம். ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். செலவுத் தொகை கேட்கும்போது உதவியது.

ஈ.பி.யை 6 மாதத்தில் முடிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இலும், நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2025 மார்ச்சிலும் சொல்லியிருக்கிறது. வாய்தா நீளும்போது அந்தத் தீர்ப்பைக் காட்டி மெமோ கொடுக்கச் சொல்லலாம். நடப்பில் ஒன்றரை வருடம் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

11. பணம் கோர்ட்டுக்கு வந்த பிறகு

கோர்ட்டில் கட்டிய பணம் தானாக நம் கணக்குக்கு வராது. அதை எடுத்துத் தரக் கேட்டு செக் பெட்டிஷன் போடவேண்டும். ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். என் பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால் இருந்ததால் ஒரு வாரம் போனது. பிப்ரவரியில் கடைசித் தவணை, ஏப்ரலில் கையில்.

மீதிக்குப் பார்ட்னர் சமாதானத்துக்கு வந்தார். வெளியே பணம் வாங்கினால் கோர்ட்டில் சொல்லிப் பதியவேண்டும். பதியாத பணத்தைக் கோர்ட் கணக்கில் எடுக்காது. சிலர் வாங்கியதை மறைத்து ஈ.பி.யை ஓட்டுகிறார்கள், அது வேண்டாம். கடைசி ரூபாய் வந்ததும் முழுத்தொகையும் பெற்றதாக மெமோ கொடுத்து ஈ.பி.யை முடித்து, அந்த உத்தரவின் நகலை இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டின் வில்லங்கத்தில் இருக்கும் ஜப்தியை நீக்க எதிராளி ஒருநாள் உங்களிடம்தான் வந்து நிற்பார். என் ஆள் எட்டாவது மாதம் வந்தார், மகள் கல்யாணத்துக்கு அந்த வீட்டின் மேல் கடன் வாங்கவேண்டுமாம். ஒரு நகலைக் கொடுத்தனுப்பினேன்.